குடிபெயர்ச்சிக் கணக்கும் ஒப்புரவும்

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்று செலவின் கடுமையை நம் முன்னோர் இரண்டே தொடரில் அடக்கிவிட்டனர். பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர்வந்த குடும்பங்கள் அவற்றோடு மூன்றாவது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும் உரிமை உடையவை. வீட்டை மாற்றிப்பார் என்பதே அது. கட்டுவதும் மணமுடிப்பதும் ஒருவர் வாழ்நாளில் ஓரிரு முறை நிகழ்வன. குடிபெயர்தலோ அப்படியன்று. கரோல்பாக்கில் ஒற்றை மாடியறை, பிறகு இராமகிருஷ்ணபுரத்தில் அரசுக் குடியிருப்பு, பதவி உயர உயர அடுத்த வகைக் குடியிருப்பு, ஓய்வுக்கு முன்போ பின்போ மயூர் விகாரிலோ துவாரகையிலோ ஓர் அடுக்கக வீடு, முடிவில் சிலர்க்குத் தாயகம் திரும்புதல் என்று, தலைநகர்த் தமிழ்க் குடும்பமொன்று ஐந்தாறு முறையேனும் மூட்டை கட்டி மூட்டை அவிழ்க்கிறது. இருந்தும், மணச்செலவைப் பற்றி எழுதியும் பேசியும் வந்த அளவுக்கு இச்செலவைப் பற்றி நம்மவர் எண்ணியதாகத் தெரியவில்லை.

தில்லிக்கும் குடிபெயர்ச்சிக்கும் பழைய உறவு உண்டு. முகமது பின் துக்ளக் 1327-ஆம் ஆண்டையொட்டித் தலைநகரைத் தேவகிரிக்கு மாற்ற முனைந்தான். அவ்வூருக்குத் தௌலதாபாத் என்று பெயரும் இட்டான். சில ஆண்டுகளில் அரசு தில்லிக்கே திரும்ப நேர்ந்தது. 1911 டிசம்பர் 12 அன்று நடந்த தர்பாரில், கல்கத்தாவிலிருந்து தலைநகர் இங்கு வரும் என்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தார். கோப்புகள் வந்தன, கோப்புகளின் பின்னே எழுத்தர்களும் வந்தனர். 1947-இல் உடுத்த உடையோடு எல்லை தாண்டி வந்தவர்களுக்காக எழுந்தவையே இராஜேந்திர நகரும் லாஜ்பத் நகரும். பிற்காலத்தில் அந்த வீடுகளின் மாடிகளில் வாடகைக்கு இருந்த தமிழர் எத்தனை பேர்! ஆணையிட்டுப் பெயர்ந்தவர், ஆணைக்குப் பணிந்து பெயர்ந்தவர், வேறு வழியின்றிப் பெயர்ந்தவர் என மூவகையினரையும் இந்நகர் கண்டிருக்கிறது. செலவைத் திட்டமிடும் வாய்ப்பு முதலிரு வகையினர்க்கே உண்டு என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொண்டு மேலே செல்வோம்.

ஒரு குடும்பம் வீடு மாறுவதென முடிவு செய்தவுடன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் தாளும் பேனாவுமாக உட்காருகிறது. லாரி வாடகை, சாமான் கட்டுகிறவர்களின் கூலி, புதிய வீட்டுக்கு முன்பணம், தரகு என்று நான்கு வரிகள் தயக்கமின்றி எழுதப்படுகின்றன. கூட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, இவ்வளவுதான் என்று தாளை மடித்து வைக்கிறோம். உண்மையான செலவு அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தலைகாட்டத் தொடங்குகிறது. பழைய வீட்டுச் சுவரில் ஆணியடித்த இடங்களைக் காட்டி வெள்ளையடிக்கும் கூலியை முன்பணத்தில் பிடித்துக்கொள்கிறார் வீட்டுக்காரர். மின் கட்டணப் பாக்கி ஒரு பழைய மாதத்திலிருந்து எழுந்து வருகிறது. புதிய வீட்டில் மின்தூக்கி இல்லையென்றால் மூன்றாம் மாடிக்கு ஏற்ற வேறு கூலி. சன்னல் திரைகளைப் பற்றித் தனியே ஓர் ஆராய்ச்சி நூலே எழுதலாம்; எந்த வீட்டுத் திரையும் வேறெந்த வீட்டுச் சன்னலுக்கும் பொருந்தியதாக வரலாறு இல்லை. குழாய்க்காரர், மின்பணியாளர், எரிவாயு இணைப்பு மாற்றம், பிள்ளைகளின் புதிய பள்ளிச் சேர்க்கை, புதிய சீருடை, பள்ளி வண்டி, புதுமனையில் பால் காய்ச்சும் அன்று வருவோர்க்குச் சிற்றுண்டி. முதல் மாத மளிகை எப்போதும் இருமடங்கு. பழைய வீட்டில் டப்பாக்களில் அடியில் கிடந்ததையெல்லாம் கொட்டிவிட்டுத்தானே வந்திருக்கிறோம்? கணக்கறிந்த இல்லத்தரசியர் 'இதர' என்று ஒரு வரி எழுதி, எழுதிய மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கையேனும் அதற்கு ஒதுக்குவர். அந்த 'இதர' என்னும் ஒரு சொல்லில் அடங்கியிருக்கும் உலக அனுபவம் பெரிது.

ஆயினும் நாம் இங்கே எண்ணிப்பார்க்க விரும்புவது கூட்டல் கழித்தலை அன்று. அது அவரவர் வருவாயையும் ஊரையும் பொறுத்தது. நம்முன் உள்ள வினா வேறு. குடிபெயரும் செலவைத் திட்டமிடுகையில் அத்திட்டத்தில் யாருடைய தேவைகள் வரிகளாக இடம்பெற வேண்டும்? குடும்பக் கணக்கு குடும்பத்தின் நலத்துக்கே உரியது என்று விடை கூறுவது எளிது. அவ்விடை போதுமா என்பதே ஐயம்.

திருக்குறளில் 48-ஆம் அதிகாரம் வலியறிதல். படையெடுக்கும் வேந்தன் செயலின் வலிமையையும் தன் வலிமையையும் மாற்றான் வலிமையையும் துணைவர் வலிமையையும் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று தொடங்கும் அவ்வதிகாரம், போகப்போக இல்லறத்தானுக்கும் பொருந்தும் செலவுக் கணக்காகிவிடுகிறது. வண்டியில் ஏற்றுவது மயிலிறகே ஆனாலும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் காட்டும் உவமை, வீடு மாறுகிறவனுக்கென்றே சொல்லப்பட்டது போலிருக்கிறது. வீட்டுப் பொருள்களில் தனித்தனியே எதுவும் கனமில்லை. பழைய நாளிதழ்க் கட்டு, உடைந்த மிதிவண்டி, ஒரு காது போன பித்தளை அண்டா, மூத்தவன் படித்துமுடித்த பாடநூல்கள். எல்லாம் சேரும்போது சிறிய லாரி போதாமல் பெரிய லாரி தேவைப்படுகிறது. கொண்டுசெல்லும் கூலியையும் அங்கே புதிதாக வாங்கும் விலையையும் ஒப்பிட்டு, எது குறைவோ அதைச் செய்க என்பது நேரான விதி. அவ்விதியில் குறையொன்றும் இல்லை, ஓர் ஆட்டுக்கல் குறுக்கிடும் வரையில்.

மின்சார அரைவை வந்தபின் ஆட்டுக்கல்லுக்கு வேலை இல்லை. அதன் எடையோ இரண்டு ஆள் தூக்கும் எடை. விதிப்படி அது பழைய வீட்டின் பின்கட்டிலேயே கிடக்க வேண்டியது. ஆனால் அது இவ்வீட்டுப் பாட்டி தன் ஊரிலிருந்து கிராண்ட் டிரங்க் விரைவு வண்டியில் கொண்டுவந்த கல்லாக இருக்கும். கணக்கெழுதும் இடத்தில் அவர் இருப்பதில்லை, உள்ளறையில் இருக்கிறார். கழிக்கப்பட்ட வரிகளை எடுத்து நோக்கினால் ஒன்று புலப்படும். முதலில் வெட்டுப்படுபவை, கணக்கெழுதும் மேசையைச் சுற்றி அமர்ந்திராதவர்களின் வரிகளே. பாட்டியின் கல் போகிறது. குடும்பத் தலைவர் பத்தாண்டுகளாகத் தொடாத பூப்பந்து மட்டை லாரியில் ஏறுகிறது. கல்லைக் கொண்டுசென்றே ஆக வேண்டும் என்பது நம் வாதமன்று. பாட்டியை மேசைக்கு அழைத்து, இதற்கு இவ்வளவு கூலி ஆகும் என்று சொல்லிக் கேட்டால், விட்டுவிடு அப்பா என்று அவரே சொல்லக்கூடும். கேட்டு விடுவதும் கேளாமல் விடுவதும் கூலியில் ஒன்றே, வேறெதிலும் ஒன்றல்ல.

இனி, அரசுப் பணியில் இருப்போர்க்கே உரிய ஒரு செய்தி. மாற்றலாகிச் செல்லும் மைய அரசு ஊழியர்க்கு விதிகள் தாராளமாகவே உதவுகின்றன. 2017 ஜூலையில் வெளிவந்த ஆணையின்படி, வேறூருக்கு மாற்றலாகிறவருக்கு அடிப்படை ஊதியத்தில் 80 விழுக்காடு ஒட்டுமொத்த மாற்றல் மானியமாகக் கிடைக்கும். நடுத்தட்டு ஊழியர் 6,000 கிலோ வரை வீட்டுச் சாமான் கொண்டுசெல்லலாம். சாலை வழியே அனுப்பினால் கிலோமீட்டருக்கு 50 ரூபாய் வரை, செய்த செலவைத் திரும்பப் பெறலாம் என்று அவ்வாணை வகுத்தது. அகவிலைப்படி ஏறும்போது இவ்வளவும் ஏறுவதற்கு வழி செய்திருந்தது. ஓய்வுபெற்றுத் தாயகம் திரும்புவோர்க்கும் இத்தகைய ஏற்பாடு உண்டு. தில்லியிலிருந்து சென்னை சற்றேறக்குறைய 2,200 கிலோமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 1,10,000 ரூபாய் வருகிறது. இது மேல்வரம்பு, செய்த செலவுக்கு மட்டுமே உரியது. இவ்விடத்தில்தான் மனிதமனம் தடுமாறுகிறது. 70,000 ரூபாய்க்குச் சாமான் போய்ச் சேர்ந்துவிட்டால், எஞ்சிய 40,000-க்கும் ரசீது எழுதித்தர ஒருவர் எங்கேனும் கிடைப்பார்.

இதைத் திருட்டு என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எளிது. ஆனால் செய்கிறவர் தம்மைத் திருடராக எண்ணுவதில்லை என்பதால் அவருடைய நியாயத்தையும் கேட்க வேண்டும். எல்லோரும் செய்கிறார்கள் என்பது அவருடைய முதல் நியாயம். அதற்கு மறுமொழி தேவையில்லை. இரண்டாவது நியாயத்தில் உயிர் இருக்கிறது. புதிய பள்ளிக்குக் கட்டிய தொகையை எவரும் தரவில்லை. மனைவி தனியார் பள்ளியொன்றில் பார்த்துவந்த ஆசிரியர் வேலை மாற்றலால் போயிற்று, அதற்கு ஈடு இல்லை. வீட்டுக்காரர் பிடித்துக்கொண்ட வெள்ளையடிப்புக் கூலிக்கும் விதியில் இடமில்லை. உண்மையான இழப்புக்கு வரி இல்லாதபோது, இருக்கும் வரியில் அதைச் சேர்த்துக்கொள்வது தவறா என்று அவர் கேட்கிறார். இழப்பு உண்மைதான். ஆனால், எண்ணிச் சொல்ல முடியாத சில்லறைச் செலவுகளுக்கென்றுதானே ரசீது கேளாமல் 80 விழுக்காட்டு மானியம் தரப்படுகிறது? 60,000 ரூபாய் அடிப்படை ஊதியம் உள்ளவர்க்கு அது 48,000 ரூபாய். அதுவும் போதவில்லையெனில், போதவில்லை என்று சங்கங்களின் வழியே கேட்பதற்கு இடமுண்டு. ஊதியக் குழுக்கள் தோறும் இத்தகைய கோரிக்கைகள் போயிருக்கின்றன. லாரியின் எடையில் பள்ளிக் கட்டணத்தை ஏற்றுவது வேறு செயல். அதனால் அரசுக்கு நேரும் இழப்பைவிட அவ்வீட்டுக்கு நேரும் இழப்பைப் பெரிதாகக் கருதுகிறோம். அன்று முதல் அவ்வீட்டில் இரண்டு கணக்குகள் இருக்கின்றன, காட்டும் கணக்கு ஒன்று, உண்மைக் கணக்கு ஒன்று. பதினைந்து வயதுப் பையன் இரண்டையும் பார்க்கிறான். அவனிடம் நாளை விடுதிச் செலவுக்குக் கணக்குக் கேட்கும் தந்தை, எந்தக் கணக்கை எதிர்பார்ப்பார்?

முன்பணத்தைப் பற்றியும் ஒரு சொல். வீடு மாறும் செலவில் மிகப் பெரிய வரி அதுவே. செலவு என்று அதைச் சொல்லலாகாது, திரும்பி வரும் பணம்தானே என்பார்கள். திரும்பி வரும் வரையில் அது செலவே. பெங்களூரில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். மைய அரசு 2021-இல் வகுத்த மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்பு வீடுகளுக்கு இரண்டு மாத வாடகையே வரம்பு என்றது. 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் மூன்று மாதம் என்று வைத்து, வேறு உடன்பாடு இருந்தால் ஒழிய, என்று ஒரு கதவையும் திறந்து வைத்தது. மாதிரிச் சட்டம் மாதிரியே. மாநிலங்கள் ஏற்றால்தான் அதற்கு உயிர். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. இம்மலரைப் படிக்கும் குடும்பங்களில் பல, முப்பது ஆண்டுகளுக்கு முன் வாடகைக்கு வீடு தேடி, மதராசி என்றும் மொழி தெரியாதவர் என்றும் படியிறக்கப்பட்டவை. இன்று அவற்றில் பலவும் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள். துவாரகையில் இருந்துகொண்டு பெங்களூர் அடுக்ககத்தை வாடகைக்கு விடுகிறவரும் நம்மிடையே உளர். ஊர் வழக்கம் பத்து மாதம் என்றால் நாமும் பத்து மாதமே கேட்கிறோம். ஊரிலிருந்து முதல் வேலைக்கு வரும் இளைஞன் அத்தொகைக்குத் தன் தாயின் வளையலை அடகு வைப்பான் என்று, அப்படி வைத்து வந்தவர்க்குத் தெரியாதா?

சிலப்பதிகாரத்தை மங்கல வாழ்த்தும் காதலும் ஊழும் நிறைந்த காப்பியமாகவே படித்துப் பழகியிருக்கிறோம். செலவு நோக்கில் பார்த்தால் அது ஒரு குடிபெயர்ச்சியின் கதை. புகாரை விட்டு விடியுமுன் புறப்பட்ட இருவரிடமும் இருந்த முதல் ஓரிணைச் சிலம்பு. திட்டம், ஒன்றை விற்று வணிகம் தொடங்குவது. மதுரைப் புறஞ்சேரியில் அவர்களுக்கு வீடு தந்தவள் மாதரி என்னும் இடைக்குல முதுமகள். அரிசியும் காயும் தந்து, மகள் ஐயையையும் துணையாகத் தந்தாள். முன்பணம் ஏதும் கேட்டாளில்லை. கோவலன் கொலையுண்ட பின் அடைக்கலம் இழந்தேன் என்று அவள் தீப்புகுந்தாள் என்பதைக் காப்பியத்தின் கடைப்பகுதி சொல்கிறது. பெயர்ந்தவர்களின் கணக்கில் எழுதப்படாத செலவு, ஏற்றுக்கொண்டவளின் கணக்கில் முழுமையாக ஏறிற்று. வீடு கிடைக்கும்வரை உறவினர் வீட்டில் மூன்று வாரம் தங்கும் நாம், மாதரியளவுக்கு யாரையும் கொண்டுசெல்வதில்லை என்று ஆறுதல் கொள்ளலாம். அந்த மூன்று வாரப் பாலும் அரிசியும் யார் கணக்கு என்று கேட்டுக்கொள்வதிலும் பிழையில்லை.

இப்போது நம் வினாவின் நடுவிடத்துக்கு வருகிறோம். பதினெட்டு ஆண்டுகள் ஒரே குடியிருப்பில் இருந்துவிட்டு, ஓய்வுபெற்றுத் தாயகம் திரும்பும் ஒரு குடும்பத்தை எண்ணுவோம். அவ்வீட்டில் பதினெட்டு ஆண்டுகள் பாத்திரம் தேய்த்துத் துணி துவைத்த ஓர் அம்மையார் இருக்கிறார். மாதம் 3,000 ரூபாய் வாங்குகிறார் என்று கொள்வோம். அலுவலகத்திலிருந்து விடைபெறும் தலைவருக்குப் பணிக்கொடை வருகிறது. அது கருணையன்று, உரிமை. 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம், ஐந்தாண்டு பணியாற்றிய தொழிலாளர்க்கு, ஒவ்வோராண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியம் என்றும், மாதத்துக்கு 26 நாள் என்று கொண்டு கணக்கிட வேண்டும் என்றும் வகுத்தது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களுக்கே அது பொருந்திற்று. வீட்டு வேலை அதற்குள் வரவில்லை. சட்டம் கேட்கவில்லை, சரி. சட்டத்தின் அளவுகோலை மட்டும் கடன் வாங்கிப் பார்த்தால் என்ன? 3,000 ரூபாயை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 18 ஆண்டுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 31,150 ரூபாய் வருகிறது. லாரிக்கு எழுதிய தொகையில் பாதிக்கும் குறைவு. நம் குடும்பங்கள் வழக்கமாகக் கொடுப்பதோ ஒரு மாதக் கூலி, ஒரு சேலை, பழைய கட்டில் ஒன்று.

31,150 ரூபாய் என்றவுடன் எழும் எதிர்ப்பும் நியாயமானதே. ஓய்வுபெறுகிறவருக்கும் மகளின் திருமணம் இருக்கிறது, மருத்துவம் இருக்கிறது. வலியறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறளையே அவர் சான்றுக்கு அழைக்கலாம். கைப்பொருளின் அளவைத் தூக்கிப் பாராமல் செய்யும் ஒப்புரவு, செல்வத்தின் அளவை விரைவில் கெடுக்கும் என்பது அதன் கருத்து. வள்ளுவரே தடை சொன்னபின் வேறென்ன வேண்டும்? ஆனால் 22-ஆம் அதிகாரமாகிய ஒப்புரவறிதலின் கடைசிக் குறள் இதற்கு நேர் எதிரே நிற்கிறது. ஒப்புரவினால் கேடு வருமென்றால், தன்னை விற்றேனும் அக்கேட்டை வாங்கிக்கொள்ளலாம் என்கிறது அது. இரண்டும் அதிகாரத்தை முடித்து வைக்கும் குறள்கள். ஒன்று அளந்து செய் என்கிறது, மற்றொன்று அளவைக் கடந்தாலும் செய் என்கிறது.

இம்முரணைத் தீர்க்கப் பல வழிகள் உண்டு. நமக்குத் தோன்றும் வழி, இவ்விரண்டும் எங்கே நிற்கின்றன என்று பார்ப்பது. ஒப்புரவறிதல் அறத்துப்பாலில், இல்லறவியலில் நிற்கிறது. வலியறிதல் பொருட்பாலில், அரசியலில் நிற்கிறது. அரசன் செலவிடுவது குடிகளின் பொருளை. அவன் உதவும்போதும் எடைபோட்டே உதவ வேண்டும். இல்லறத்தான் செலவிடுவது தன் பொருளை. அவன் அளவு மிஞ்சினால் கெடுவது தானே, அக்கேடு அவனுக்குப் பெருமை. இல்லறத்தானின் பொருளிலும் மனைவி மக்களுக்குப் பங்குண்டே என்று கேட்டால், அக்கேள்வி நம் விளக்கத்தின் கையைக் கட்டத்தான் செய்கிறது. முழுவதையும் கொடு என்று எவரும் சொல்லவில்லை. ஆனாலும் இந்த வேறுபாட்டைக் கொண்டு மேலே கண்ட இரு செயல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுகிறோம். பொதுப்பணத்தில் 40,000 ரூபாயை எடைபோடாமல் எடுத்துக்கொள்ள முனையும் அதே கை, சொந்தப் பணத்தில் 31,150 ரூபாய் கொடுக்கும்போது அரசனுக்குரிய எச்சரிக்கையை மேற்கொள்கிறது. அறத்துப்பாலுக்குப் பொருட்பாலையும் பொருட்பாலுக்கு அறத்துப்பாலையும் மாற்றி வைத்துப் படிக்கிறோம் போலும்.

தூக்கிப் பார்த்தல் என்பது மறுத்தலன்று. 31,150 முடியவில்லை என்றால் 20,000 முடியுமா? ஒரே முறையில் முடியாவிட்டால், பணி ஓய்வுக்கு ஐந்தாண்டு முன்பிருந்தே மாதம் 500 ரூபாய் தனியே எடுத்து வைத்தால் 30,000 ஆகிவிடுகிறது. புதிய வீட்டின் வரவேற்பறைக்கு வாங்கும் நாற்காலித் தொகுதியை எவரும் உளவரை தூக்கிப் பார்ப்பதில்லை என்பதையும் ஒரு புறம் சொல்லி வைப்போம்.

குடிபெயர்ச்சியைத் திட்டமிட வாய்ப்பே இல்லாதவர்களைப் பற்றித் தொடக்கத்தில் குறித்தோம். 2025 ஜூன் 1 அன்று, தில்லி ஜங்புராவில் பாராபுல்லா கால்வாயை ஒட்டியிருந்த மதராசி முகாம் இடிக்கப்பட்டது. உயர்நீதிமன்ற ஆணையின் பேரில், கால்வாயில் நீர் தடையின்றிச் செல்வதற்காக என்று அரசுத் தரப்பில் காரணம் கூறப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள்; தமிழகத்திலிருந்து பல பத்தாண்டுகளுக்கு முன் வந்தவர்களும் அவர்தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். தகுதியுடையோர் என்று கண்டறியப்பட்ட குடும்பங்களுக்கு நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. எல்லோரும் தகுதியுடையோர் ஆகவில்லை. காரணங்கள் எவையாயினும் ஆகுக, அவற்றை எடைபோடுவது இக்கட்டுரையின் பணியன்று. அக்குடும்பங்களின் கணக்குத்தாளை மட்டும் பார்ப்போம்.

அங்கிருந்த பெண்கள் பலர் ஜங்புராவிலும் லாஜ்பத் நகரிலும் சுற்றுப்புறக் குடியிருப்புகளிலும் வீட்டு வேலை செய்தவர்கள். நரேலா நகரின் வடகோடி. முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால். 2019 அக்டோபரில் தில்லி அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்ற ஏற்பாடு வந்தது. பேருந்துக் கட்டணம் இல்லாவிட்டாலும் நேரத்துக்கு விலை உண்டன்றோ? காலை ஆறரை மணிக்கு ஒரு வீட்டிலும் எட்டு மணிக்கு அடுத்த வீட்டிலும் நிற்க வேண்டியவர், போக இரண்டு மணியும் வர இரண்டு மணியும் பேருந்திலேயே கழித்தால் நான்கு வீட்டு வேலை இரண்டு வீட்டு வேலையாகிவிடும். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் ஏழும் மந்திர் மார்க், லோதி எஸ்டேட், ஜனக்புரி என்று நகரின் பிற பகுதிகளில் இருக்கின்றன. நரேலாவில் ஒன்றும் இல்லை. ஆகவே, மேல் மாடியில் மூன்று அறை வீட்டிலிருந்து நான்கு அறை வீட்டுக்குப் பெயர்கிறவர்களின் தாளில் பள்ளி வண்டிக் கட்டணமாக எழுதப்படும் அதே வரி, இவர்களுடைய தாளில் தமிழா அன்றா என்று எழுதப்படுகிறது.

நாம் முன்னர் எண்ணிப் பார்த்த பதினெட்டு ஆண்டு அம்மையாரும் இத்தகைய ஒரு தெருவிலிருந்துதான் நம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார் என்பது நினைக்கத்தக்கது. நாம் பெயரும்போது அவர் வேலை இழக்கிறார். அவர் பெயரும்போதும் அவரே வேலை இழக்கிறார். இரண்டு பெயர்ச்சிகளின் செலவிலும் அவர் பெயரில் ஒரு தொகை இருக்கிறது. இரண்டிலும் எழுதியது வேறொருவர்.

இறுதியாக, செலவில்லாத ஒன்று. வீட்டுக்காரருக்கு ஒரு மாத முன்னறிவிப்புத் தருகிறோம், ஒப்பந்தம் கேட்கிறது. பால்காரருக்கும் நாளிதழ் போடுகிறவருக்கும் ஒரு வாரம் முன்பே சொல்கிறோம்; பாக்கி தீர்க்க வேண்டும். பாத்திரம் தேய்க்கிறவருக்கோ, கட்டிய பெட்டிகளைப் பார்த்து அவரே கேட்கும்போதுதான் பல வீடுகளில் செய்தி தெரிவிக்கப்படுகிறது. இடையில் நின்றுவிடுவாரோ என்னும் அச்சம் காரணம். இரண்டு மாதம் முன்பே தெரிந்தால் அவர் வேறு வீடு தேடிக்கொள்வார். நம் வீட்டு வேலைக்குக் கடைசி வாரங்களில் சிறிது தட்டுப்பாடு வரலாம், அவ்வளவே. பக்கத்து வீடுகளில் அவருக்காகச் சொல்லி வைக்கவும் நமக்கு அப்போது நேரம் இருக்கும். கட்டில், கூலர், இரும்பு அலமாரி என்று விட்டுச்செல்லும் பொருள்களை அவருக்குக் கொடுப்பதாக இருந்தாலும் முன்பே சொல்வது நலம். அவற்றைத் தம் குடியிருப்புக்குக் கொண்டுபோக அவருக்கு ஒரு தள்ளுவண்டி வேண்டும், அலமாரி நுழையுமளவு அவர் வீட்டு வாசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், வண்டிக் கூலி யார் கொடுப்பது என்பதையும் பேசிவிட வேண்டும்.